பெரியக்கா மறைத்த குரல்

குழந்தைகள் ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில் விளையாட்டு அறையைப் பார்த்துக்கொள்பவளை எல்லாரும் பெரியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஊசி போடுவது அவள் வேலை இல்லை. ஊசி வருவதற்கு முன்னால் வந்து, அது எங்கே குத்தும், எப்படி இருக்கும், எப்போது முடியும் என்று ஒரு துணிப்பொம்மையை வைத்துக் குழந்தைக்குக் காட்டுவதுதான் அவள் வேலை. வலிக்கும் என்றால் வலிக்கும் என்றே சொல்ல வேண்டும். பொய் கூடாது. ஒரு தடவை பொய் சொல்லி மாட்டிக்கொண்டால், அப்புறம் அந்தக் குழந்தை வெறும் தண்ணீரைக் கொடுத்தாலும் மருந்து கலந்திருக்கிறதா என்று மோந்து பார்க்கும்.

இந்த வேலைக்கு வெளியூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பயிற்சி நடக்கும். வருஷத்துக்கு ஒருத்தரைத்தான் அனுப்புவார்கள். இந்த வருஷம் தன் முறைதான் என்று பெரியக்கா நினைத்திருந்தாள். புதுப் பெட்டி ஒன்று கூட வாங்கி வைத்துவிட்டாள். போனது யார் என்றால், நேற்று வந்து சேர்ந்த சின்னக்கா.

"அவ சீக்கிரம் புடிச்சுக்குவா. திரும்பி வந்து உங்க எல்லாருக்கும் வகுப்பு எடுப்பா," என்று சொல்லிவிட்டுப் பெரிய டாக்டரம்மா போய்விட்டார்.

அந்த 'உங்க எல்லாருக்கும்' பெரியக்காவின் தொண்டையில் மீன் முள் மாதிரி சிக்கிக்கொண்டது.

வீட்டில் பாத்திரங்கள் சத்தம் போட்டன. பஸ் ஓட்டுகிற புருஷன் எட்டிப் பார்த்தான்.

"என்ன, இன்னைக்குக் கரண்டியெல்லாம் பேசுது?"

"அந்தப் புள்ளைக்கு என்னங்க தெரியும்? நான் வேலைக்குச் சேர்ந்தப்ப அது பள்ளிக்கூடத்துல மூக்கு ஒழுகிட்டு இருந்திருக்கும்."

"விடும்மா. நமக்கு மலை ஏறினாலே தலை சுத்தும்."

"பயிற்சி என்ன மலை மேலயா நடக்குது?"

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன்," என்று அவன் மெதுவாக வாசல் பக்கம் நழுவினான்.

பெரியக்கா கெட்டவள் இல்லை. காலையில் கண் விழித்ததும் கடவுளைக் கும்பிடாமல் பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. இந்த எரிச்சலை என்னிடமிருந்து எடுத்துவிடப்பா என்று அவனிடமே முறையிடுவாள். பாதி வேண்டுதலில், அங்கே சின்னக்காவுக்குச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் போனால் பாதியில் திரும்பி வந்துவிடுவாளே என்று நினைப்பு ஓடும். சட்டென்று நாக்கைக் கடித்துக்கொள்வாள். மனுஷ மனசு அப்படித்தான், சாமி முன்னால் நின்றாலும் அதன் வாலை ஆட்டாமல் இருக்காது.

வார்டில் ஒரு சின்னப் பெண் இருந்தாள். துறுதுறுவென்று ஓரிடத்தில் நிற்காததால் வாலு என்று பெயர். அவளுக்குத் தலையில் ஸ்கேன் எடுக்க வேண்டும். குகை மாதிரி மெஷின், உள்ளே சம்மட்டி அடிக்கிற மாதிரி சத்தம், அதில் அசையாமல் படுத்திருக்க வேண்டும். ஆடுகிற பிள்ளைகளுக்கு மயக்க மருந்து கொடுத்துவிடுவார்கள். வாலுவுக்கு நெஞ்சில் சளி கட்டியிருந்ததால் அதற்கு டாக்டர்கள் பயந்தார்கள். அவள் தானாகவே ஆடாமல் படுத்தால்தான் நல்லது. அதற்காகச் சின்னக்கா ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியைக் குகையாக்கி, வாலுவை உள்ளே படுக்க வைத்து, வெளியே தகர டப்பாவைத் தட்டித் தட்டிப் பழக்கியிருந்தாள்.

பயிற்சிக்குக் கிளம்பும்போது வாலுவிடம் சொன்னாள்: "ஸ்கேன் அன்னைக்கு நான் இருக்க மாட்டேன். ஆனா என் குரல் வரும். பெரியக்கா போனுக்கு அனுப்பிடறேன்."

சொன்னபடி ஸ்கேன் அன்று காலையில் குரல் வந்தது. பெரியக்கா மாடிப்படியில் நின்று கேட்டாள்.

"வாலுக்குட்டி, அந்த மெஷினுக்குள்ள ஒரு தச்சன் இருக்கான். உனக்குக் கட்டில் செய்யறான். உன் அளவு எடுத்துத்தான் ஆணி அடிப்பான். நீ ஆடினா அளவு தப்பிடும், பாவம், முதல்லருந்து அடிக்கணும். பெரியக்கா பக்கத்துல இருப்பாங்க. கொஞ்சம் கறாராத்தான் தெரிவாங்க. பயப்படாதே, அவங்க மூஞ்சியே அப்படி."

மூஞ்சியைச் சொன்னது சுருக்கென்று தைத்தது. ஆனால் அதைவிட அந்தத் தச்சன்தான் தைத்தான். எத்தனை பிள்ளைகளை அந்த மெஷினுக்குக் கூட்டிப் போயிருக்கிறாள்! ஒரு நாளும் அப்படி ஒரு தச்சன் அவள் வாயில் வந்ததில்லை.

வார்டுக்குள் நுழைந்ததும் வாலு கேட்டாள். "சின்னக்கா குரல் வந்துச்சா?"

"வரலையே கண்ணு."

மூச்சு விடுகிற மாதிரி அவ்வளவு லேசாக வந்துவிட்டது அந்த வார்த்தை.

லிஃப்ட் பட்டனை யாரையும் தொட விடாமல் எப்போதும் போல வாலுதான் அமுக்கினாள். கீழே ஸ்கேன் அறை வாசலில் சக்கர நாற்காலியை விட்டு இறங்க மாட்டேன் என்றாள். அவள் அம்மா வாயும் வயிறுமாக இருந்ததால் உள்ளே போக அனுமதி இல்லை. இறங்கச் சொல்லி மகளைக் கெஞ்சிப் பார்த்தாள், பலிக்கவில்லை.

"சும்மா படுத்திருந்தா போதும் கண்ணு. வலிக்கவே வலிக்காது," என்றாள் பெரியக்கா.

"பொய். சின்னக்காவே பொய் சொல்லிட்டாங்க. நீங்களும் பொய்தான் சொல்றீங்க."

ஸ்கேன்காரர் கதவைப் பிடித்தபடி, "ஏம்மா, அடுத்த ஆள் காத்துட்டிருக்காங்க. மயக்கத்துக்கு எழுதச் சொல்லிடவா?" என்றார்.

"ஐயோ வேணாங்க," என்று அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள். "டாக்டரே பயந்தாரு."

பெரியக்கா முட்டி வலியைப் பார்க்காமல் தரையில் மண்டி போட்டு உட்கார்ந்தாள்.

"வாலு, சின்னக்கா பொய் சொல்லல. குரல் காலையிலயே வந்துடுச்சு. நான்தான் வரலேன்னு பொய் சொன்னேன்."

"ஏன்?" என்றாள் வாலு.

"பொறாமை."

"அப்படின்னா?"

"நமக்குக் கெடைக்க வேண்டியது இன்னொருத்தருக்குக் கெடைச்சா, இங்க எரியும்," என்று வயிற்றைத் தொட்டுக் காட்டினாள்.

வாலு அம்மாவின் வயிற்றைப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அம்மா உள்ள இருக்கிற பாப்பாக்கு ஸ்வெட்டர் பின்னறாங்க. நான் அந்த நூலை ஒளிச்சு வெச்சுட்டேன்," என்றாள்.

"அடிப்பாவி, அது நீதானா?" என்றாள் அம்மா. "வீடு பூரா தேடினேனேடி! எங்க வெச்சே?"

"மறந்துட்டேன்."

பெரியக்கா போனை எடுத்துக் குரலை ஓடவிட்டாள். 'அவங்க மூஞ்சியே அப்படி' என்று வந்ததும் வாலு நிமிர்ந்து அந்த மூஞ்சியைப் பார்த்துக் களுக்கென்று சிரித்தாள். ஸ்கேன்காரருக்கும் சிரிப்பு வந்து, அதை இருமலாக்கப் பார்த்தார்.

"இன்னொரு தடவை போடுங்க," என்றாள் வாலு. கேட்டு முடித்ததும் தானே இறங்கினாள்.

போன், வளையல், கம்மல், கொண்டை ஊசி எல்லாவற்றையும் கழற்றி அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் பெரியக்காவும் வாலுவோடு உள்ளே போனாள். குகைக்கு வெளியே நீண்டிருந்த அந்தச் சின்னப் பாதத்தைப் பிடித்துக்கொண்டாள். டம் டம் என்று ஆரம்பித்தது. பாதம் ஆடவில்லை. தச்சன் அடித்துக்கொண்டே இருந்தான். ஒவ்வொரு அடியும், இது உனக்குத் தோணலையே, உனக்குத் தோணலையே என்று அவள் நெஞ்சிலேயே விழுகிற மாதிரி இருந்தது. கடவுளே, இந்தக் குழந்தை ஆடாமல் இருக்கட்டும், என்னை அப்புறம் பார்த்துக்கொள் என்று வேண்டினாள். அன்றைக்கு அவள் வேண்டுதலில் கலப்படம் இல்லை.

"படம் கண்ணாடி மாதிரி வந்திருக்கும்மா," என்றார் ஸ்கேன்காரர்.

வெளியே வந்ததும் வாலு சின்னக்காவிடம் பேசியே தீருவேன் என்றாள். பெரியக்காவே நம்பரைப் போட்டு, மருந்து ஏறும் குழாய் இருந்த கைக்கு ஆகாது என்று, போனை அவள் காதருகில் பிடித்துக்கொண்டாள்.

"சின்னக்கா, நான் ஆடவே இல்ல! பெரியக்கா உங்க குரலை ஒளிச்சு வெச்சுட்டாங்க. அவங்களுக்கு வயிறு எரிஞ்சுதாம். அப்புறம் குடுத்துட்டாங்க."

"அக்காகிட்ட குடு" என்று அந்தப் பக்கமிருந்து கேட்டது.

"அக்கா, நெஜமாவே ஆடலையா?"

"ஒரு விரல் கூட ஆடல."

"நல்லது. அதுக்குன்னு குழந்தைகிட்டயா காட்டுவீங்க? என்னைக் கூப்பிட்டு நாலு வார்த்தை திட்டியிருக்கலாமே."

"திட்டியிருக்கலாம்."

"இப்பத் திட்டுங்க."

"இப்ப வாய் வரல."

"எனக்கு வருது. ஊருக்கு வந்து திட்டறேன்." குரல் இறுகித்தான் இருந்தது. "அப்புறம் அந்த வகுப்பு. வருவீங்கல்ல?"

"வருவேன். அந்தத் தச்சனை எப்படிச் செய்யறதுன்னு சொல்லிக் குடு. அங்கதானே கத்துக்கிட்டே?"

"இங்கயா? இங்க அதெல்லாம் யாரு சொல்லித் தர்றாங்க அக்கா? பஸ்ஸுல போகும்போது தானா வாய்ல வந்துச்சு."

பயிற்சியில் படித்தது என்று சொல்லியிருந்தால் கூடப் பெரியக்காவுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். சரி என்று சொல்லிப் போனை வைத்தாள். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு லிஃப்டுக்கு வந்து நின்றாள்.

வாலு தலையைத் திருப்பி, "இன்னும் எரியுதா?" என்றாள்.

"எரியுது கண்ணு."

"நிறையவா?"

"நிறையத்தான்."

வாலு பட்டனை அமுக்கக் கையை நீட்டி, பாதியில் நிறுத்தினாள். "சரி, பட்டனை நீங்களே அமுக்குங்க," என்று கையை மடியில் வைத்துக்கொண்டாள்.