சோபாவுக்குப் பின்னால் நாலு கோடு

செவ்வாய்க்கிழமை காலை நாஷ்டாவுக்குத் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். என் மகன் சேகர் போனை வைத்துவிட்டு வந்து, "அம்மா, நம்ம ஸ்பீக்கர் முனிரத்தினம் பூட்டாராம். மாரடைப்பாம்" என்றான். எனக்கு அழுகை வரவில்லை. வெட்கம்தான் வந்தது. அதனால்தான் எழுதுகிறேன். அஞ்சாவது வரை படித்தவள், தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முனிரத்தினம் காக்களூர் கம்பெனியில் ஸ்பீக்கர் பெட்டி செய்தவர்; ஞாயிற்றுக்கிழமைகளில் வீடுகளுக்கு வந்து ஹோம் தியேட்டர் மாட்டித் தருவார். திருவள்ளூரில் நாங்கள் வீடு கட்டியபோது, பாட்டுக்கும் படத்துக்கும் என்றே மாடியில் ஒரு அறை விட்டோம். எங்கள் தெருவில் வேறு யாருக்கும் அப்படி இல்லை. அந்தக் கர்வத்தில், இடுப்பு உயரத்துக்கு, தம் தம்மென்று அதிரும் சப்வூஃபர் பெட்டி ரெண்டு வேண்டும் என்றேன்.

முனிரத்தினம் அறையைக் காலால் அளந்துவிட்டுச் சிரித்தார். "இன்னாம்மா, ரூமு பத்துக்குப் பன்னெண்டு. அத்த வச்சா பாட்டு கேக்காது, இடிதான் கேக்கும். சின்னதா ஒண்ணு போதும்." சேகரும் அவர் பக்கம் சேர்ந்துகொண்டான்.

சின்னப் பெட்டி வந்தது. அதை நாங்கள் உட்காரும் சோபாவின் மேலேயே வைத்துப் பாட்டைப் போட்டார். பிறகு முட்டி போட்டு, மூலை மூலையாகக் காதை வைத்துக்கொண்டு தரையில் தவழ்ந்தார்.

"இன்னா நைனா, மோதிரம் தொலைச்சிட்டியா?"

"இல்லம்மா. எங்க நல்லா கேக்குதோ, பெட்டி அங்க இருக்கணும். அப்பதான் சோபாவுல உக்கார்றவங்களுக்கு அதே மாதிரி கேக்கும்."

கடைசியில் சோபாவுக்குப் பின்னால் சாக்பீஸால் நாலு கோடு போட்டு, உள்ளே பெட்டியை வைத்தார். "இத்த மட்டும் நகத்தாதீங்க."

கிரகப்பிரவேசத்துக்குக் கும்மிடிப்பூண்டியிலிருந்து சம்பந்தி வருகிறார். பெட்டியோ யார் கண்ணுக்கும் படாத இடத்தில். எனக்குப் பொறுக்கவில்லை. காலையிலேயே யாருக்கும் தெரியாமல் அதைத் தூக்கி, அதே அறையில் பீங்கான் அடுக்கிய ஷோகேஸ் மேல் வைத்து, குங்குமமும் இட்டேன்.

பாட்டு போட்டதும் ஷோகேஸ் கண்ணாடி கடகடவென்று அடித்தது. "இன்னாங்க, பாட்டு கேக்கறமா, டவுன் பஸ்ஸுல போறமா?" என்றார் சம்பந்தி. அறையே சிரித்தது.

நான் சும்மா இருந்திருக்கலாம். சாப்பிட வந்து கதவோரம் நின்ற முனிரத்தினத்தைக் கைகாட்டி, "நான் பெரிசாத்தான் கேட்டேன். இந்தாளுதான் மட்டமான பெட்டியத் தலையில கட்டிட்டாரு" என்றேன்.

அவர் ஷோகேஸைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "சரி பண்ணித் தரேம்மா" என்றார். அவ்வளவுதான். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. தன் வீட்டு வேலையையும் அவருக்கே தருவதாக இருந்த சம்பந்தி, வேறு ஆளை வைத்துக்கொண்டார். கும்மிடிப்பூண்டி பக்கம் முனிரத்தினத்தை யாரும் கூப்பிடாதபடி ஆயிற்று.

அடுத்த ஞாயிறு வந்து, பெட்டியைக் கோட்டுக்குள் வைத்துப் பாட்டைப் போட்டார். மிருதங்கத்தில் ஒவ்வொரு அடியும் தனித்தனியாக விழுந்தது. ஒரு கோப்பைகூட அசையவில்லை.

"நான்தான் நகத்தினேன்னு சம்பந்திகிட்ட சொல்லிடறேம்பா."

"உடுங்கம்மா, உங்களுக்கு இன்னாத்துக்குப் பேஜாரு."

விட்டுவிட்டேன். மூன்று வருஷத்தில் எத்தனை கல்யாணத்தில் சம்பந்தியைப் பார்த்தேன்; வாய் வரவில்லை. சாவுச் சேதி வந்த அன்றுதான் போன் பண்ணிச் சொன்னேன். "அவராச்சும் ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே" என்றார். சொல்லியிருக்க வேண்டியவள் நான்.

இன்றும் அறையைத் துடைக்கும்போது அந்த நாலு கோட்டின் மேல் ஈரத்துணி படாமல் பார்த்துக்கொள்கிறேன். மங்கினால் அதே கோட்டின் மேல் சாக்பீஸால் இழுக்கிறேன். பெட்டி ஒரு விரற்கடைகூட நகரவில்லை.