நீங்களே பாத்துக்குங்க

"இன்னைக்கு நீங்கதானுங்க எல்லாம். நீங்களே பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு, மகள் நிச்சயத்துக்காக முதலாளி மடத்துக்குளம் கிளம்பினார். கார் பல்லடத்தைக்கூடத் தாண்டியிருக்காது, என் செல்போன் அடித்தது. தொழிலாளர்களுக்கு டீ வந்துவிட்டதா என்று கேட்டார்.

செல்போன் எல்லார் சட்டைப்பையிலும் ஏறத் தொடங்கியிருந்த காலம். அந்த பனியன் கம்பெனியில் நான் புரொடக்‌ஷன் மேனேஜராகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. தெற்கேயிருந்து பிழைக்க வந்தவனுக்கு அது பெரிய பதவி. ஆனால் வெறும் பெயருக்குத்தான் என்று கம்பெனியில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. போன் அடிக்கும்போதெல்லாம் தையல் மெஷின்களுக்கு நடுவே தலைகள் நிமிரும். நான் "சரிங்க சார், சரிங்க சார்" என்பதைக் கேட்டுவிட்டு மறுபடி குனியும். எரிச்சல் மண்டைக்கு ஏறியது. பார்த்துக்கொள்ளச் சொன்னவர் பார்க்க விட வேண்டாமா?

மதியத்துக்கு முன்னால் துணி வந்து இறங்கியது. ரோலில் இழுத்துச் சுற்றிய லைக்ரா துணி. பிரித்துப் போட்டு ஓர் இரவாவது தளர விட வேண்டும். அவசரப்பட்டு வெட்டினால் பிறகு சுருங்கி அளவு கெட்டுப்போகும். பிரித்துப் போடுங்கள், காலையில் வெட்டலாம் என்றேன். கட்டிங் மாஸ்டர் நகரவில்லை.

"மொதலாளிய ஒரு வார்த்தை கேட்டுப்போட்டுச் செய்யலாமுங்க."

கேட்கத் தேவையே இல்லாமல் போன் வந்தது.

"துணி வந்துருச்சுங்களா? இப்பவே வெட்டச் சொல்லிருங்க. சரக்கைக் கப்பலேத்த நாள் இல்லீங்க."

துணி தளர வேண்டும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. எல்லாம் பதற்றம். என் பொறுமை போய்விட்டது.

"நான் சொன்னா இங்க யாரும் கேக்க மாட்டேங்காங்க சார். வெட்டணும்னா நீங்களே சொல்லிருங்க, நான் ஊருக்குப் பஸ் ஏறுதேன்!"

கத்திவிட்டு போனை மாஸ்டர் கையில் திணித்தேன். வேலை போய்விட்டது, வீட்டில் என்ன சொல்வது என்றுகூட யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

மாஸ்டர் இரண்டு தடவை "ஆமாங்க" சொல்லிவிட்டு போனைத் திருப்பித் தந்தார். "உங்க பேச்சுப்படியே செய்யச் சொல்லிட்டாருங்க" என்றபடி முதல் ரோலைப் பிரித்தார்.

அதன்பிறகு போன் அடிக்கவில்லை. ஜெயித்த சந்தோஷம் வந்திருக்க வேண்டும், பயம்தான் வந்தது. துணி விரித்த மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தேன். துணியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். இதுவரை எது தப்பானாலும் அவர் தலையில் போட்டுவிடலாம். இனிமேல்? கப்பல் தவறினால்? சாயங்காலம் தாங்க முடியாமல் நானே அவரைக் கூப்பிட்டேன். பின்னால் நாதஸ்வரம் கேட்டது.

"சார், காலையில எத்தன மணிக்கு வெட்ட ஆரம்பிக்கட்டும்?"

"ஏனுங்க, அதையும் நானே சொல்லோணுமுங்களா?"

வைத்துவிட்டார். நிமிர்ந்தால் எதிரே கட்டிங் மாஸ்டர் நின்றுகொண்டிருந்தார்.

"மொதலாளி என்ன சொன்னாருங்க?"

"ஆறு மணிக்கு ஆரம்பிக்கச் சொல்லுதாரு" என்றேன்.