சேஃப்டி ஷூ போட்ட கரையான்

என் வக்கீல் தொழிலில் நான் அசிங்கப்பட்ட கேஸ்களில் முதலிடம் செல்வராசு கேஸுக்குத்தான். இளம் வக்கீல்கள் சிரித்துவிட்டுப் படிக்கட்டும், ஆனால் படிக்கட்டும்.

செல்வராசு மைன்ஸில் ஆபரேட்டர். அவன் அடிக்கிறான் என்று மனைவி தேவகி குடும்ப வன்முறைச் சட்டத்தில் மனு போட்டிருந்தாள். அவளுக்குப் பிறந்த வீடு என்று எதுவும் மிச்சமில்லை. மகள் பத்தாவது படிக்கிறாள்.

"சார், குவார்ட்டர்ஸ் எம்பேர்ல அலாட் ஆனது. அவளை வெளிய போவச் சொல்லுங்க. நான் கை நீட்டுனதே இல்ல."

"யோவ், பேரு உன்னுதா இருந்தாலும் அந்தம்மா குடியிருக்கிற வூடு. நீ அடிச்சது தெரிஞ்சா உன்னைத்தான்யா வெளிய போகச் சொல்வாங்க. உத்தரவை மீறினா ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில். அந்தம்மா போலீசுக்குப் போயி, புருஷன் கொடுமைன்னு 498-ஏ போட்டா மூணு வருஷம் வரைக்கும். ரெண்டு நாளுக்கு மேல கஸ்டடில இருந்தாலே சஸ்பென்ஷன்."

"ஐயோ, பர்மனென்ட் வேலை சார்!" என்றவன் என் மேஜையிலேயே சூடம் அடித்துச் சத்தியம் செய்தான். ஒரு காகிதம்கூடக் கேட்காமல் நம்பினேன். மடத்தனம்!

கோர்ட்டில், "என் கட்சிக்காரர் ரொம்ப சாது" என்று ஆரம்பித்தேன். தேவகி பையிலிருந்து சில நகல்களை எடுத்து நீட்டினாள். மைன்ஸ் நகரியத்தில், குவார்ட்டர்ஸில் எது உடைந்தாலும் மெயின்டெனன்ஸ் ஆபீஸ் புகார்ப் புத்தகத்தில் எழுதினால் தச்சர் வந்து மாற்றிக் கொடுப்பார். அதில் ஒரே வருடத்தில் நான்கு முறை, 'பெட்ரூம் கதவு உடைந்தது. காரணம்: கரையான்.' கீழே செல்வராசு கையெழுத்து. நான்கு தேதிகளும் மனுவில் அவள் அடிவாங்கியதாகச் சொன்ன தேதிகள். கூடவே ஒரு போட்டோ. கதவில் சேஃப்டி ஷூ தடம், அச்சு வைத்த மாதிரி.

மாஜிஸ்ட்ரேட் அம்மா கண்ணாடியை இறக்கிக்கொண்டு கேட்டார். "வக்கீல் சார், கரையானுக்கும் சேஃப்டி ஷூ குடுக்குறாங்களா?"

கோர்ட்டே சிரித்தது. பின்னாலிருந்து செல்வராசு கத்தினான். "அம்மா, நாலாவது தடவை நெசமாவே கரையான்தாம்மா!"

அவன் வாயை அப்படியே தைத்திருப்பேன். அவ்வளவுதான், கேஸ் முடிந்தது. தேவகியும் மகளும் குவார்ட்டர்ஸில். செல்வராசு வெளியே, வாசல்படி மிதிக்கக் கூடாது.

மறுநாள் ஃபர்ஸ்ட் ஷிப்டுக்குப் போட வேண்டிய ஷூ குவார்ட்டர்ஸிலேயே மாட்டிக்கொண்டது என்று அழுதுகினே வந்து நின்றான். தலையெழுத்தே என்று நானே வாங்கி வரப் போனேன். தேவகி பேப்பரில் சுற்றிக் கொடுத்தாள்.

"உங்க கிட்டயும் சூடம் அடிச்சாராங்க?"

"ஆமாம்மா."

"எங்கிட்ட நாலு தடவை அடிச்சாருங்க."

ஷூவை இடுக்கிக்கொண்டு நடையைக் கட்டினேன். அன்றிலிருந்து யார் சத்தியம் செய்ய வந்தாலும், சூடத்தைப் பாக்கெட்டில் வைத்துவிட்டு முதலில் கதவைக் காட்டச் சொல்கிறேன்.