குதிரைக்கு வழி விட்ட சனிக்கிழமைகள்

எனக்குச் சைக்கிள் பழக்குவதற்காகவே சித்தி ஒவ்வொரு சனிக்கிழமையும் என்னைக் கொமன் என்ற பொதுவெளிக்குக் கூட்டிப்போகிறார் என்று எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். எல்லோரையும்விட உறுதியாக நம்பியவள் நான்தான்.

எனக்கு அப்போது எட்டு வயது. லண்டனில், கோலியர்ஸ் வுட்டில், கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்த ஒரு சிறிய தெருவில் எங்கள் வீடு. அம்மாவின் தங்கையான சித்தி எங்களோடு இருந்தார். மருந்துக் கடையொன்றில் அவருக்கு வேலை. சித்திக்கு மாப்பிள்ளை பார்க்கும் பேச்சு, மழையைப் பற்றிய பேச்சைப் போல, எங்கள் வீட்டில் எப்போதும் நடந்துகொண்டிருக்கும். ரொறன்ரோவிலிருந்து ஒரு சாதகக் குறிப்பு வரும், பொருந்தாது. பாரிஸிலிருந்து இன்னொன்று வரும், பொருந்திவிடும். அன்றைக்குப் பார்த்துச் சித்திக்குத் தலையிடி வந்துவிடும்.

வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு பூங்கா இருந்தது. வழுவழுப்பான தார்ப்பாதை, விழுந்தாலும் இரண்டு பக்கமும் புல். அதை விட்டுவிட்டு, காரின் பின்சீற்றை மடித்துச் சைக்கிளை ஏற்றிக்கொண்டு, மேட்டில் ஏறி விம்பிள்டன் பக்கத்துக் கொமனுக்குப் போவோம். ஏன் இவ்வளவு தூரம் என்று அம்மா ஒருமுறை கேட்டார். "இஞ்சை நாயள் கூட அக்கா" என்றார் சித்தி. கொமனிலும் நாய்களுக்குக் குறைவில்லை. ஆனால் அம்மா ஒருநாளும் கொமனுக்கு வந்ததில்லை.

அந்தக் காலைகளை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அங்கே இருந்த பனிமூட்டம்தான். லண்டன் எங்கோ கீழே போய்விட்டது போலிருக்கும். வெள்ளைப் பட்டை உரிந்த மரங்கள் ஒவ்வொன்றாக முன்னால் வந்து நின்றுவிட்டுப் பின்னால் போகும். பழுத்த பன்னச் செடிகள் இறகு போன்ற இலைகளோடு பாதையின் இரண்டு ஓரங்களிலும் இடுப்பளவுக்கு நிற்கும். ஆட்களுடைய குரல் முதலில் வரும், ஆள் பிறகுதான் வருவார். பாதை தொடங்கும் இடத்தில் ஒரு மரக்கம்பத்தில் மூன்று படங்கள் இருந்தன: நடக்கிற ஒரு மனிதன், ஒரு சைக்கிள், ஒரு குதிரை. மூவரும் ஒரே பாதையில் போகலாம் என்பது அதன் பொருள். எனக்கு அது ஒரு கதையின் முதல் பக்கம் போலத் தெரிந்தது.

குதிரைகள் உண்மையாகவே வந்தன. முதலில் நிலத்துக்குள்ளிருந்து ஒரு மெல்லிய அதிர்வு, பிறகு தோல் வார்களின் கிறீச்சிடல், பிறகு மூட்டத்துக்குள்ளிருந்து மூச்சுப் புகை. நாங்கள் சைக்கிளை ஓரமாக்கிப் பன்னத்துக்குள் இறங்கி நிற்போம். ஏறி வருபவர்கள் நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள். சித்திக்குக் குதிரை என்றால் பயம். என்னையும் சைக்கிளையும் முன்னால் விட்டு, எங்களுக்குப் பின்னால்தான் நிற்பார்.

குதிரையில் வருபவர்களில் ஒருவர் தமிழர். எனக்கு அது பெரிய அதிசயம். எங்களுக்குத் தெரிந்த தமிழர்கள் கடை வைத்திருந்தார்கள், கணக்குப் பார்த்தார்கள், அல்லது ஷிப்டுக்குப் போனார்கள். இவர் சாம்பல் நிறப் பெண்குதிரை ஒன்றின்மேல் உயரத்திலிருந்து, "பிள்ளை, நேராய்ப் பாருங்கோ, சில்லைப் பாக்காதேங்கோ" என்று யாழ்ப்பாணத் தமிழில் சொன்னார். வார நாட்களில் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர், சனிக்கிழமைகளில் பக்கத்து லாயத்துக் குதிரைகளை நடத்திக்கொண்டு வருவார். சொந்த ஊர் நெடுந்தீவு. அங்கே காட்டுக் குதிரைகள் திரியும் வெளிகளில் வளர்ந்ததாகச் சொன்னார். நான் அவரைக் குதிரை மாமா என்று அழைத்தேன். ஒவ்வொரு சனிக்கிழமையும், ஏறத்தாழ ஒரே இடத்தில், தற்செயலாக எங்களைச் சந்திப்பார். குதிரையை நிறுத்தி, சித்தியோடு காலநிலையைப் பற்றி நீண்டநேரம் பேசுவார். அன்றைய காலநிலையில் பேசுவதற்கு அவ்வளவு இருந்ததா என்பது எனக்கு நினைவில்லை. குதிரையின் கழுத்தைத் தடவ என்னை விடுவார்கள். அதில் எனக்கு நேரம் போவதே தெரியாது.

இலையுதிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை, சித்தி பின்னால் பிடிக்காமலே நான் தனியாகச் சைக்கிள் ஓட்டினேன். பின்னால் ஓடிவந்துகொண்டிருந்த சித்தியின் காலடிச் சத்தம் நின்றுவிட்டது. திரும்பிப் பார்க்கப் பயம். முன்னால் மூட்டம் மெல்ல விலகி, சாம்பல் குதிரையும் அதன்மேல் குதிரை மாமாவும் எதிரே வந்தார்கள். அவர் என்னைக் கண்டு கையை உயர்த்திச் சிரித்தார். நான் பறப்பதாகவே நினைத்தேன்.

அதற்குள் அவருக்குப் பின்னாலிருந்து இன்னொரு சைக்கிள் வந்தது. பெரிய ஆள், தலையைக் குனிந்தபடி, ஒரு சத்தமும் இல்லாமல், வெகு வேகமாக. குதிரையின் விலாவை உரசுவதுபோல அவர் கடந்து போனார். குதிரை துள்ளிப் பக்கவாட்டில் பாய்ந்தது. அது பாய்ந்த பக்கத்தில் நான் இருந்தேன். பிரேக் என்று ஒன்று இருப்பதே எனக்கு மறந்துபோனது. குதிரையின் நெஞ்சு ஒரு சுவரைப் போல என்னை நோக்கி வந்தது. குதிரை மாமா கடிவாள வாரை மறுபக்கமாக இழுத்து அதன் தலையைத் திருப்பினார். குதிரை சுழன்று முட்புதருக்குள் பாய்ந்தது. நான் பன்னத்துக்குள் விழுந்தேன், பஞ்சு மெத்தையில் விழுந்ததுபோல. அவர் கட்டாந்தரையில் விழுந்தார்.

பிறகு நடந்ததெல்லாம் எனக்குக் கனவில் கண்டதுபோலத்தான் ஞாபகமிருக்கிறது. வேகமாகப் போன சைக்கிள்காரர் திரும்பி ஓடிவந்தார். அவருடைய முகம் வெளிறியிருந்தது. மன்னிப்பு, மன்னிப்பு என்று சொல்லிக்கொண்டே தன் மேற்சட்டையைக் கழற்றி விழுந்தவருக்குப் போர்த்தினார். நாயோடு நடக்க வந்த ஒரு வெள்ளைக்கார அம்மா தொலைபேசியில் அம்புலன்ஸை அழைத்தார். குதிரை கொஞ்சம் தள்ளி, வார் நிலத்தில் தொங்க, நடுங்கிக்கொண்டு நின்றது. சித்தி அதனிடம் போனார். எந்தக் குதிரையையும் ஒருநாளும் தொட்டிராத சித்தி அந்த வாரைப் பிடித்து, குதிரையையும் கூட்டிக்கொண்டு வந்து, அவருக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்தார். சித்தியின் கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது. குதிரை மாமாவின் சட்டைக் கழுத்துக்குள்ளிருந்து ஒரு சிறிய சிலுவை வெளியே வந்து கிடந்தது. சித்தி அதை எடுத்துப் பக்குவமாக உள்ளே விட்டார்.

"தோள்பட்டை எலும்புதான், முறிஞ்சிட்டுது. வேறை ஒண்டுமில்லை" என்றார் அவர், கண்ணை மூடியபடி. எக்ஸ்ரே எடுக்காமலே சொன்னார். பிறகு மெல்லிய குரலில், "நீர் அழாதேயும்" என்றார்.

எனக்குத் தமிழில் ஒருவரை அழைக்கத் தெரிந்த சொற்கள் இரண்டு. அப்பா அம்மாவை நீ என்பார், அம்மா அப்பாவை நீங்கள் என்பார். நீர் என்றால் தண்ணீர் என்று ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்திருந்தேன். அந்த வாரந்தான் படித்தேன். நீக்கும் நீங்களுக்கும் நடுவே, மனதுக்கு நெருங்கியவரை அழைக்க நீர் என்று ஒன்று இருப்பது அப்போது எனக்குத் தெரியாது. நான் எழுந்து ஓடி, சைக்கிளில் மாட்டியிருந்த தண்ணீர்ப் போத்தலை எடுத்துவந்து அவரிடம் நீட்டினேன். அவர் கண்ணைத் திறந்து போத்தலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சித்தியைப் பார்த்தார். அந்த நோவிலும் அவருக்குச் சிரிப்பு வந்தது. "தாங்கோ பிள்ளை" என்று வாங்கி ஒரு மிடறு குடித்தார்.

வீட்டில் ஒன்றும் சொல்லாதே என்று சித்தி எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் வாய் திறந்திருக்கமாட்டேன். காரில் வரும்போது அவருக்கு அதற்கு வேண்டிய நேரம் இருந்தது. ஏன் சொல்லவில்லை என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன்.

அன்று மாலை புட்டுச் சாப்பிடும்போது நான் எல்லாவற்றையும் சொன்னேன். நான் தனியாக ஓட்டியது, குதிரை பாய்ந்தது, குதிரை மாமா என்னைக் காப்பாற்றியது. அம்மா என் கையையும் காலையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். ஆனால் என் கெட்டித்தனத்தைச் சொல்லாமல் எப்படி விடுவது?

"அவர் நீர் எண்டு கேட்டவர். நான் உடனை தண்ணி குடுத்தனான்."

அப்பா நிமிர்ந்தார். "நீர் எண்டே கேட்டவர்? முழுக்கச் சொல்லு பாப்பம்."

"சித்தியைப் பாத்து, நீர் அழாதேயும் எண்டு சொன்னவர்."

அம்மாவின் கை புட்டுக்குள்ளேயே நின்றுவிட்டது. சித்தி தன் புட்டுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா மேசையிலிருந்த தண்ணீர்க் கூசாவை, அதில் ஏதோ எழுதியிருப்பதுபோல, வெகுநேரம் பார்த்தார்.

"எவ்வளவு நாளா?" என்று அம்மா கேட்டார்.

சைக்கிளைப் பற்றித்தான் கேட்கிறார் என்று நினைத்து நானே பதில் சொன்னேன். "வேனில்காலத்திலை இருந்து அம்மா. இப்ப நல்லா ஓடுவன்."

யாரும் என்னைப் பாராட்டவில்லை.

"ஊர் எது?" என்றார் அம்மா.

"நெடுந்தீவு" என்றார் சித்தி.

"வேதக்காரரோ?" கிறிஸ்தவர்களை அம்மா அப்படித்தான் சொல்வார்.

சித்தி ஆமென்று தலையசைத்தார். அம்மா எழுந்துபோய்க் குழாயைத் திறந்து கையைக் கழுவினார். கை கழுவுவதற்கு அவ்வளவு தண்ணீர் தேவைப்பட்டிருக்காது.

அடுத்த சனிக்கிழமை சைக்கிள் கொட்டிலில் கிடந்தது. இனி அந்தப் பக்கம் போகத் தேவையில்லை, குதிரைகள் ஆபத்தானவை என்று அம்மா சொல்லிவிட்டார். சித்தி வேலைக்குப் போனார், வந்தார், அறைக்கதவைச் சாத்திக்கொண்டார். அக்காவும் தங்கையும் சமையலறையில் ஒருவரையொருவர் தொடாமல் விலகி விலகி நடந்தார்கள். பாரிஸ் குறிப்பு மறுபடி மேசைக்கு வந்தது. அம்மாவுக்குக் குதிரைகள்மேல்தான் கோபம் என்று எண்ணி, ஒருநாள் நான் குதிரைகளுக்காக வாதாடினேன்.

"அந்தப் பாதை எல்லாருக்கும் பொது அம்மா. நடக்கிற ஆக்கள், சைக்கிள், குதிரை எல்லாரும் வரலாம். ஒராள் மற்றாளுக்கு இடம் விட்டாச் சரி."

அம்மாவின் முகம் சிவந்தது. "ஆர் உனக்கு இதைச் சொல்லித் தந்தது? சித்தியோ?"

"இல்லை. கம்பத்திலை போட்டிருக்கு."

அப்பா இருமுவதுபோல ஏதோ செய்துவிட்டு எழுந்து பின்வளவுக்குப் போனார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே அவருடைய தோள்கள் குலுங்குவதைக் கண்டேன். அழுகிறாரோ என்று பயந்தேன். அன்றிரவு அப்பாவும் அம்மாவும் தங்கள் அறையில் பேசிக்கொண்டிருந்தது சுவரைத் தாண்டி முணுமுணுப்பாகக் கேட்டது. அந்த முணுமுணுப்பிலேயே நான் நித்திரையாகிவிட்டேன்.

மறுநாள் சனிக்கிழமை. காலையில் அப்பா சப்பாத்துப் போட்டுக்கொண்டு நின்றார். "சைக்கிளை எடு பிள்ளை. நானும் வாறன்" என்றார். சித்தியைப் பார்த்து, "நீயும் வெளிக்கிடு" என்றார். அம்மா வாசல்வரை வரவில்லை. ஆனால் மேல்மாடி யன்னலின் திரை அசைந்தது.

கொமனில் அன்றும் மூட்டம். குதிரை மாமா கையைத் தூக்கிக் கழுத்தில் கட்டியபடி நடந்து வந்தார். அப்பாவைக் கண்டதும் நின்றுவிட்டார். அப்பாவும் நின்றார். இருவருக்கும் நடுவில் பாதை வெறுமையாகக் கிடந்தது. யார் முதலில் பேசுவது என்று தெரியாமல் எல்லோரும் நின்ற நேரத்தில் பின்னாலிருந்து குளம்புச் சத்தம் கேட்டது. லாயத்துப் பிள்ளைகள் வரிசையாகக் குதிரைகளில் வந்தார்கள். சித்தியும் நானும் ஒரு பக்கம் இறங்கினோம். அப்பா மறுபக்கம் இறங்கினார். அவர் போன பக்கத்தில்தான் குதிரை மாமாவும் ஒதுங்கினார். பன்னத்துக்குள் இடம் குறைவு. இருவரும் தோளோடு தோள் முட்டிக்கொண்டு, குதிரைகள் போகும்வரை நின்றார்கள். கடைசிக் குதிரை மூட்டத்துக்குள் மறைந்தபோது அப்பா அவரைப் பார்த்து, "கை எப்பிடி இருக்கு?" என்று கேட்டார்.

அதன்பின் அவர்கள் இருவரும் முன்னால் நடந்தார்கள். நாங்கள் பின்தங்கி வந்தோம். சித்தி வேகமாக நடக்கவும் மாட்டார், நிற்கவும் மாட்டார். நான் மட்டும் சைக்கிளில் அவர்களிடம் போவதும் சித்தியிடம் திரும்புவதுமாக இருந்தேன்.

"என்னவாம் கதைக்கினம்?" என்றார் சித்தி.

"ஆஸ்பத்திரியைப் பற்றி."

மறுபடி போய் வந்தேன். "அப்பாவின்ரை சப்பாத்து நனைஞ்சு போச்சாம்."

சித்தி வானத்தைப் பார்த்தார். மூட்டத்துக்கு மேலே எங்கோ வெயில் இருந்திருக்க வேண்டும். மரங்களின் நுனிகள் மட்டும் பொன்னாகத் தெரிந்தன.

அடுத்த ஆண்டு கலியாணம் கோயிலிலும் நடந்தது, தேவாலயத்திலும் நடந்தது. இரண்டு இடத்திலும் அம்மா முன்வரிசையில் இருந்தார், தேவாலயத்தில் மட்டும் எப்போது எழும்ப வேண்டும், எப்போது இருக்க வேண்டும் என்று தெரியாமல் என்னைப் பார்த்துப் பார்த்து எழும்பினார். ஆனால் அன்று, அந்தப் பாதையில், இது எதுவும் யாருக்கும் தெரியாது. நான் மூன்றாம் தரமும் போய்த் திரும்பினேன்.

"அப்பா கேக்கிறார், 'தம்பி, நெடுந்தீவிலை இப்பவும் குதிரையள் நிக்குதோ' எண்டு."

சித்தி நின்றுவிட்டார். "தம்பி எண்டே கேட்டவர்?"

"ஓம். நிக்குதாம். நிறைய நிக்குதாம்."

சித்தி பாதையோரம் விழுந்து கிடந்த ஈர மரத்தின்மேல் அப்படியே இருந்தார். முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டு அழுதார். பிறகு அழுதபடியே சிரித்தார். என்னை இழுத்து, ஹெல்மெட்டோடு சேர்த்துக் கட்டிப்பிடித்துக்கொண்டார். நானும் சிரித்தேன், ஏனென்று தெரியாமலே. எங்கோ கடலுக்கு நடுவே ஒரு தீவில் இன்னும் குதிரைகள் நிற்கின்றன என்ற செய்தியில் ஒருவர் இவ்வளவு சந்தோஷப்பட என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. சித்திக்குக் குதிரை என்றால் பயம் என்றல்லவா நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.