காது மிஷின் கடையில் எடுத்த படம்

காலை பத்து இருபது. கடைக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது ஒரு கட்டைவிரல். செல்போன் திரையைக் கீழிருந்து மேலாகத் தள்ளிக்கொண்டே இருந்தது. அந்த விரலுக்குரியவர் தலையைத் தூக்கவில்லை. மறு கையால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்தேன்.

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில், செருப்புக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது அந்தக் கடை. காது கேட்கும் கருவி விற்கிறார்கள். இந்தப் பக்கத்தில் காது மிஷின் கடை என்றால்தான் வழி சொல்வார்கள். கீழே கன்டெய்னர் லாரிகள் ஹாரன் அடித்தபடி நகர்ந்துகொண்டிருந்தன. செய்தித்தாள் அலுவலகத்தில் முப்பது வருடம் என் மேசை, அச்சு இயந்திரம் ஓடும் கூடத்துக்கு நேர் மேலே இருந்தது. இடது காது அங்கேயே போய்விட்டது. வலது காதும் போய்விடும் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் மாடி ஏறினேன்.

விற்பனையாளருக்கு முப்பது வயது இருக்கும். கழுத்தில் அடையாள அட்டை, மேசையில் இரண்டு போன்கள். எனக்கு முன்பே வந்திருந்த ஒரு தம்பதி எதிர் நாற்காலிகளில் காத்திருந்தார்கள். கணவருக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். வேலையிலிருந்து நேராக வந்திருக்க வேண்டும், ஆரஞ்சு நிறப் பாதுகாப்பு ஜாக்கெட்டைக் கழற்றவில்லை. மார்பில் கான்ட்ராக்டரின் பெயர் பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தது. மனைவி மடியில் ஒரு துணிப்பையை இறுக்கிப் பிடித்திருந்தார்.

போன் அடித்தது. விற்பனையாளர் ஸ்பீக்கரில் போட்டார். வயதான பெண் குரல் ஒன்று கடை முழுக்கக் கேட்டது.

"மிஷின் கூன்னு கத்துதுப்பா. காதுல வெச்சாலே கத்துது."

"காதைக் கிளீன் பண்ணீங்களாம்மா? கலீஜா வெச்சினு இருந்தா கத்தத்தான் செய்யும்."

"டாக்டர்கிட்ட காட்டினேன்ப்பா..."

"அவரு இன்னா பாத்தாரு? மிஷின எடுத்துனு வாங்க, பார்த்துக்கலாம்."

பேச்சை முடித்துவிட்டு எங்களைப் பார்த்துச் சொன்னார்: "ராயபுரம் கேஸ். ரிட்டயர்டு டீச்சர். எவ்ளோ பேருக்குப் பாடம் எடுத்திருக்கும். காதுல பாத்தா ஒரு லோடு அழுக்கு."

ஆரஞ்சு ஜாக்கெட்காரருக்கு அது கேட்கவில்லை. மனைவி குனிந்து அவர் காதருகே உரக்கச் சொன்னார். இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த ஆசிரியையை நான் பார்த்ததே இல்லை. அவர் காதில் என்ன இருந்தது என்பது மட்டும் எனக்குத் தெரிந்துவிட்டது.

பிறகு விற்பனையாளர் கணவரைக் கண்ணாடி அறைக்குள் அழைத்துப் போனார். ஹெட்போனை மாட்டி, மெல்லிய ஒலிகளை ஒவ்வொன்றாக அனுப்புவார்கள். கேட்டால் விரலைத் தூக்க வேண்டும். கேட்காவிட்டால் சும்மா இருக்க வேண்டும். அவ்வளவுதான் சோதனை. சத்தம் நுழையாதபடி கட்டிய அறை அது. அதற்குள் இரண்டு போன்களையும் விற்பனையாளர் எடுத்துப் போனார்.

வெளியே நானும் அந்த அம்மாவும் மட்டும் இருந்தோம். காத்திருக்கும் இடங்களில் ஆட்கள் முன்பின் தெரியாதவரிடம்தான் உள்ளதைச் சொல்வார்கள்.

"கன்டெய்னர் யார்டுல கிரேனுக்குக் கை காட்டுற வேலை சார். இவரு கைய ஆட்டுனாத்தான் பொட்டி மேல போவும், கீழ வரும். பின்னால லாரி வந்தா ஹார்ன் அடிப்பான், அது கேக்கணும். போன மாசம் கேக்கல. கூட இருந்தவன் இழுத்துப் போட்டான், தப்பிச்சாரு."

"யார்டில் தெரியுமா?"

"ஐய, தெரிஞ்சா அவ்ளோதான். யார்டு உள்ள போற கேட் பாஸு புதுசு பண்ற மாசம் இது. மிஷின மாட்டினு போனா கேக்கும். ஹெல்மெட்டு போட்டா காது மறைஞ்சிடும். கான்ட்ராக்டருக்கு மட்டும் தெரியக்கூடாது. இந்தத் தம்பிகிட்டயும் வந்ததுமே சொல்லிட்டேன்."

"என்ன சொன்னார்?"

"ஃபுல் சீக்ரெட்டும்மான்னாரு. போனைப் பாத்துகினேதான் சொன்னாரு."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கணவர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். பரீட்சை எழுதுபவர் முகம். சட்டென்று விரலைத் தூக்கினார். விற்பனையாளர் வாய்விட்டுச் சிரிப்பது தெரிந்தது. மேசையில் இருந்த போன் வெளிச்சமடித்துக்கொண்டிருந்தது. சோதனை ஒலிக்கு அல்ல, போன் அடித்து மேசை அதிர்ந்ததற்குத்தான் கணவர் விரலைத் தூக்கியிருக்கிறார். விற்பனையாளர் போனை எடுத்துக் காட்டி, அது உனக்கில்லை என்பதுபோலக் கையை ஆட்டினார். பிறகு அங்கேயே நின்று பேச ஆரம்பித்தார். கதவு சரியாக மூடாததால் எங்களுக்கும் கேட்டது.

"சொல்லுங்க சார். கண்டிப்பா சார். இன்னைக்கு சேல்ஸ் ஒண்ணு முடிஞ்சிடும் சார். உள்ளேயே உட்காந்திருக்காரு சார். போட்டோவோட அனுப்பிடறேன் சார்."

எங்களிடம் பேசிய தமிழ் வேறு, போனில் பேசிய தமிழ் வேறு. போனில் இருப்பவருக்கு வார்த்தைக்கு வார்த்தை சார் விழுந்தது. நேரில் வந்த ஆரஞ்சு ஜாக்கெட்காரருக்கு நைனா.

கணவரின் விரல் இறங்கவே இல்லை. அடுத்த ஒலி வந்ததா, இது பழையதா என்று அவருக்குப் புரியவில்லை. மனைவி எழுந்து போய்க் கண்ணாடியைத் தட்டினார்.

"யோவ், கைய எறக்கு. பஸ்ஸ நிறுத்துற மாதிரி தூக்கினே கீற."

சோதனை முடிய நாற்பது நிமிடம் ஆனது. அதற்குள் வந்த அழைப்புகளை எண்ணினேன். பதினொன்று. ஒன்பதை அவர் எடுத்தார். எடுக்காத இரண்டும் அவர் வேறு அழைப்பில் இருந்தபோது வந்தவை.

அறையை விட்டு வெளியே வந்ததும் விற்பனையாளர் கருவியைக் கணவரின் காதில் பொருத்தினார். கணவர் மேலே நிமிர்ந்து பார்த்தார்.

"இந்த ஃபேனு இவ்ளோ சத்தமா போடுது?"

"ஃபேனு கேக்குதா? அப்ப இனிமே நான் பேசறதும் கேக்கும். இத்தினி நாளு ஜாலியா தப்பிச்சினு இருந்த," என்றார் மனைவி.

"கத்தாத. காது வலிக்குது."

அந்த அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அந்த இரண்டு நிமிடம் அந்தக் கடையில் நடந்தது நல்ல காரியம். பார்த்த எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

"நைனா, இந்தப் பொட்டிய ரெண்டு கையாலயும் புடி. சிரி," என்றார் விற்பனையாளர். போன் ஏற்கெனவே அவர் கண்ணுக்கு நேராக இருந்தது.

"போட்டோ எதுக்குப்பா?"

"கம்பெனிக்கு. வாரண்டிக்குக் கேப்பாங்க."

வாரண்டி என்ற சொல் எல்லோரையும் வாயடைக்க வைக்கும். மனைவி கணவரின் ஜாக்கெட்டை இழுத்து நேராக்கிவிட்டார். மார்பில் இருந்த எழுத்துகள் சுருக்கமில்லாமல் வந்தன.

"சார், நீங்க கொஞ்சம் தள்ளிக்கங்க. ஃபிரேம்ல வர்றீங்க."

நாற்காலியோடு தள்ளிக்கொண்டேன். வாரண்டிக்குப் படம் தேவையில்லை என்பது எனக்குத் தெரியும். மேசையில் கிடந்த வாரண்டி அட்டை ஒன்று என் கையிலேயே இருந்தது, நேரம் போகாமல் முழுதாகப் படித்திருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என் படம் வராமல் பார்த்துக்கொள்வதில் இருந்துவிட்டேன். பத்திரிகை வேலையில் நாங்களும் எல்லோரிடமும் கேட்டுவிட்டுப் படம் எடுத்தவர்கள் இல்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் கேட்காமல் எடுத்த படங்களுக்கு நானே தலைப்பு எழுதியிருக்கிறேன். அதனால்தான் அந்தப் போன் உயர்ந்த விதத்திலேயே எனக்கு விஷயம் புரிந்தது.

என் முறை வந்தபோது இரண்டு அழைப்புகள். எனக்கும் பெட்டியைக் கையில் கொடுத்தார். படம் வேண்டாம் என்றேன், அலுவலகத்தில் பயன்படுத்திய குரலில். "ஓகே சார், நோ பிராப்ளம் சார்," என்று உடனே போனைக் கீழே வைத்தார். வேண்டாம் என்று சொல்ல அவ்வளவுதான் தேவைப்பட்டது. கிளம்பும்போது கடை நம்பரை என் போனில் சேமிக்கச் சொன்னார். "அப்பத்தான் ஆஃபர் வந்தா தெரியும் சார்." எல்லோரையும் சேமிக்கச் சொல்வாராம். எல்லோர் நம்பரும் அவரிடமும் இருக்குமாம்.

அன்று மாலை நாலரைக்குக் கடையின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் அந்தப் படம் இருந்தது. கணவர் பெட்டியை நெஞ்சோடு பிடித்துச் சிரிக்கிறார். பெட்டிக்கு மேல் கான்ட்ராக்டர் பெயர் தெளிவாகத் தெரிகிறது. வலது ஓரத்தில் ஒரு முழங்கை, அது என்னுடையது. கீழே எழுதியிருந்தது: "பல வருடங்களாக சத்தமே கேட்காமல் கஷ்டப்பட்டவர்! இன்று நம்ம கடையில் புது வாழ்க்கை!" கூடவே எமோஜிகள்: இரண்டு கும்பிடும் கைகள், ஒரு காது, ஒரு கேக்.

கடைக்குப் போன் செய்தேன். வேறொரு அழைப்பில் இருப்பதாகப் பதிவு செய்த குரல் சொன்னது. இன்னொரு முறை முயன்றேன். அதே குரல். டீ குடிக்கப் போய்விட்டேன்.

மூன்று வாரம் கழித்து, என் கருவியின் ஒலி அளவைச் சரிசெய்யப் போனேன். அந்த அம்மா தனியாக மேசைக்கு முன் நின்றிருந்தார். துணிப்பை இல்லை. விற்பனையாளர் போனில் இருந்தார். அந்த அம்மாவுக்கு நேராக ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார், ஒரு நிமிஷம் என்று. அவர் முகத்துக்கு நேராக அந்த விரல் நான்கு நிமிடம் நின்றது.

பேசி முடித்ததும், "சொல்லும்மா, மிஷின்ல இன்னா பிராப்ளம்?" என்றார்.

"மிஷின்ல ஒண்ணுமில்ல. நல்லா கேக்குது. நாளையிலேர்ந்து வராதன்னு கான்ட்ராக்டர் சொன்னதும் நல்லாவே கேட்டுச்சு."

"அவருக்கு எப்டி தெரியும்?"

"நீதான சொன்ன? போனைத் தூக்கி அந்தாள் காட்டுறான், எங்க வூட்டுக்காரு பல்லக் காட்டினு நிக்கிறத. செவிட்டாள வெச்சினு கிரேன் ஓட்டுனா நாளைக்கு எவன் பதில் சொல்றதுன்னு கேட்டானாம். பாஸுக்குப் பேரே அனுப்பல."

விற்பனையாளர் கொஞ்சம் யோசித்தார். பிறகு முகம் தெளிந்தது.

"ஆமாம்மா, அவரு நம்பரு நம்மகிட்ட கீது. போன வருஷம் வேற யார்டுல அவரு ஆளுங்களுக்கு நாமதான காது டெஸ்ட் கேம்ப் போட்டோம்." போனைத் திருப்பிக் காட்டினார். "பாரு, ஸ்டேட்டஸுக்கு அவரு கட்டைவிரல் கூட போட்டிருக்காரு. நல்லவரும்மா. போய்ப் பேசிப் பாருங்க."

"த்தூ," என்றார் அந்த அம்மா. துப்பவில்லை. சொல்லாக மட்டும்தான் சொன்னார்.

"ஏம்மா, விளம்பரம்தான? உங்களுக்கும் பேரு, எனக்கும் பேரு."

"எங்களுக்கு இன்னா பேரு கெடச்சிச்சுன்னு யார்டுல வந்து கேளு. அந்தப் படத்த எடு."

"அது அன்னைக்கே போயிடுச்சும்மா. ஒரு நாள்தான் நிக்கும்."

போன் அடித்தது. அவர் எடுத்தார். "சொல்லுங்க சார்."

அந்த அம்மா திரும்பினார். என்னை அடையாளம் தெரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன். என் காதைப் பார்த்தார், அதில் இருந்த கருவியைப் பார்த்தார். கணவர் இப்போது என்ன செய்கிறார் என்று கேட்டேன்.

எண்ணூர் போகும் சாலையில் ஒரு ஷெட்டில் லாரி கழுவுகிறாராம். தண்ணீர் படக்கூடாது என்பதால், கழுவும் நேரத்தில் மிஷினைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிடுகிறாராம்.