எண்பது கிலோவுக்கு ஓடிய எபினேசர்

எபினேசர், உடம்பைக் குறைப்பது எப்படி என்று ஊருக்கே பாடம் நடத்தியவர். இரண்டாயிரத்து நான்காம் வருஷம் ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு, ஆலயத்தில் எழுந்து நின்று சாட்சி சொன்னார்: ஆண்டவர் கிருபையால் ஒன்பது கிலோ குறைத்து எண்பதுக்கு வந்தேன், மனசு வைத்தால் யாருக்கும் முடியும். சொல்லும்போது முன்வரிசையில் இருந்த பருமனான அண்ணன்மாரை ஒரு பார்வை வேறு பார்த்தார். மறுவாரம் அதே ஆலயப் படியில் வழுக்கி விழுந்து கணுக்கால் முறிந்தது.

ஒன்றரை மாதம் மாவுக்கட்டு. ஜெபிக்க வந்த சபையார் ஒருவரும் வெறுங்கையோடு வரவில்லை. கேக், ரொட்டி, ஹார்லிக்ஸ், ஞாயிறானால் பிரியாணி. "கட்டுப் போட்டது காலுக்குத்தானே, வாய்க்கு இல்லியே" என்று எபினேசரே இப்போது சொல்லிச் சிரிப்பார். கட்டைப் பிரித்த அன்று தொண்ணூற்றொன்று.

வெறும் அழகுப் பிரச்சினை என்றால் சட்டையை வெளியே விட்டுச் சமாளித்திருப்பார். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் எட்டு வருஷமாகக் கான்ட்ராக்ட் ஆள் அவர். அந்த வருஷம்தான் பெர்மனென்ட் பட்டியலில் பெயர் வந்திருந்தது. அதற்கு உடல்தகுதிச் சான்று தரவேண்டிய கம்பெனி டாக்டரோ, "பிரஷர் ஏறியிருக்கு. மூணு மாசத்துல எண்பதுக்கு வாங்க, கையெழுத்துப் போடறேன்" என்றுவிட்டார்.

எபினேசருக்கு மதியம் இரண்டு மணி ஷிஃப்ட். அதனால், கால் தேறியதும், விடியற்காலையில் ஓரகடம் ரோட்டில் ஓடக் கிளம்பினார். மற்ற சட்டை எதுவும் வயிற்றைத் தாண்டி இறங்கவில்லை. கம்பெனி கொடுத்த நீல டி-ஷர்ட்டை மாட்டிக்கொண்டார். வினையே அதில்தான் வந்தது.

அந்த ரோட்டில் அந்த நேரத்தில் கம்பெனிச் சட்டையோடு ஒருவன் ஓடினால் ஒரே அர்த்தம்தான்: பஸ்ஸை விட்டுவிட்டான். முதல் ஷிஃப்ட் பஸ் கீச்சென்று பக்கத்தில் வந்து நின்றது. டிரைவர் நடேசன் தலையை நீட்டினார்.

"இன்னா எபி, ஷிஃப்ட் மாறிட்டியா? ஏறு ஏறு, டைமாவுது!"

ஐம்பது பேர் ஜன்னல் வழியாகப் பார்க்கிறார்கள். அதில் நாலு பேர் சாட்சியைக் கேட்டவர்கள். தொப்பையைக் குறைக்க ஓடுகிறேன் என்று எந்த வாயால் சொல்வது? ஏறிக்கொண்டார் மானஸ்தர்.

கம்பெனியில் இறங்கினால் மணி ஆறு. வேலை இரண்டு மணிக்கு. அதுவரை மனுஷன் எங்கே போவான்? கேண்டீனில் போய்ப் பொங்கலும் இரண்டு வடையும் சாப்பிட்டார். மறுநாளும் ஓடினார், மறுநாளும் பஸ் நின்றது, மறுநாளும் பொங்கல். நடேசன் தங்கமான மனுஷன், நாலாம் நாள் முன்சீட்டையே பிடித்து வைத்திருந்தார்.

வாரக் கடைசியில் எடை தொண்ணூற்றிரண்டு. மனைவி அன்னபுஷ்பம் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"இன்னாங்க இது, ஓட ஓட ஏறிக்கினே போவுது?"

இனி மறைத்துப் பயனில்லை. பஸ், முன்சீட்டு, வடை எல்லாவற்றையும் சொன்னார். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நாலு பேரு சிரிப்பாங்கன்னு எட்டு வருசத்து வேலைய வுட்டுடப் போறீங்களா?" என்றாள். அது சுருக்கென்று தைத்தது.

மறுநாள் பஸ் நின்றபோது எபினேசர் ஏறவில்லை.

"பஸ்ஸ வுடலண்ணே. ஒடம்பக் கொறைக்க ஓடிக்கினு கீறேன். போன தபா கொறைச்சதெல்லாம் திரும்ப ஏறிடுச்சு. இப்ப தொண்ணூத்திரண்டு."

பஸ் முழுக்கச் சிரித்தது. அவருக்குக் காது சுட்டது. ஆனால் பஸ் போய்விட்டது, அவர் ரோட்டில் இருந்தார். ஒரு வாரத்தில் அன்றுதான் முழுசாக ஓடினார்.

அதன்பின் பஸ் தாண்டும்போதெல்லாம் ஜன்னலிலிருந்து "எவ்ளோண்ணே?" என்று கூவுவார்கள். அவரும் வெட்கங்கெட்டுக் கத்துவார். எண்பத்தொன்பது. எண்பத்தாறு. எண்பத்துமூன்று.

மூன்று மாதம் முடிந்தது. டாக்டரின் மெஷினில் எண்பத்தொன்றரை. "இன்னும் ஒண்ணரை கிலோ. அடுத்த மாசம் வாங்க" என்று பேனாவை மூடிவிட்டார். எபினேசருக்கு அழுகையே வந்துவிட்டது. பாத்ரூமுக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வேலைக்குத் திரும்பினார்.

மறுநாள் காலை பஸ் மெதுவாக வந்தது. விஷயம் தெரிந்திருக்கும்போல, ஒருவரும் "எவ்ளோண்ணே?" என்று கேட்கவில்லை. நடேசன் நிறுத்திக் கதவைத் திறந்துவிட்டார்.

"பரவால்ல எபி, இன்னிக்கி ஒரு நாள் ஏறிக்க."

எபினேசர் நிமிர்ந்து ஜன்னல்களைப் பார்த்தார்.

"எண்பத்தொண்ணரை!" என்று, கேட்காதவர்களுக்கும் கேட்கும்படி கத்தினார். "நீ போண்ணே. நான் ஓடணும்."