ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது பேரும் ஒரு கணவரும்

விமான நிலையத்தில் அவளுக்குத் ‘தலைக்கணக்கு’ என்று பெயர். பத்தொன்பது வருடமாக, உள்நாட்டு விமானங்களில் ஏறுகிறவர்களை எண்ணுவதுதான் வேலை. ஓர் ஆள் விமான வாசலைத் தாண்டினால் கையிலுள்ள கருவியில் ஓர் அமுக்கு. இறங்குகிறவர்களை அவள் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.

அந்த வருடம் ஏறியவர்கள் பத்தாயிரத்தைத் தொடவேண்டும். ஒரு தலை குறைந்தாலும் அந்த ஊருக்கு மாலை விமானச் சேவையே நின்றுவிடும். அவளுக்கும் தொலைதூர ஊருக்கு மாற்றல் வந்துவிடும். வருடத்தின் கடைசி விமானத்தில் எல்லோரும் ஏறியதும் நிலைய மேலாளருக்குக் கால் தரையில் பாவவில்லை.

“சரியா பத்தாயிரம்மா. தப்பிச்சோம்.”

“ஒண்ணு குறையுது சார். மடியில ஒரு கைக்குழந்தை போச்சு.”

“குழந்தை ஆள் இல்லையா?”

“ஆள்தான். ஆனா ஏறலையே, தூக்கிட்டுல்ல போனாங்க. தனி சீட் இல்லாட்டி கணக்குல வராது.”

“யாரும்மா பாக்கப் போறாங்க?”

“நான் பாத்துட்டேனே.”

மேலாளர் தலையில் கைவைத்துக்கொண்டார். “கதவு மூட இன்னும் பதினஞ்சு நிமிஷம் இருக்கு. நீங்களே ஒரு டிக்கெட் போட்டு ஏறிடுங்க.”

“நான் ஏறிட்டா யாரு எண்றது?”

அப்போதுதான் அவளை அழைத்துப்போகக் கணவர் வந்து நின்றார். மொட்டைமாடியில்கூடக் கைப்பிடிச்சுவர் பக்கம் போகாமல் நட்டநடுவில் நிற்கிற மனிதர்; ஆனால் ‘என் பெண்டாட்டி ஏர்போர்ட்ல இருக்கா’ என்று ஊரெல்லாம் சொல்வதில் குறைவைத்ததில்லை.

“உங்க தங்கச்சியைப் பாக்கணும்னு ஆறு மாசமா சொல்றீங்கல்ல?” என்றாள்.

“பஸ்ல போறேன்னு சொன்னேன்.”

“முக்கா மணி நேரம்தாங்க. கண்ணை மூடிக்கோங்க.”

“மூடினா மட்டும் பிளேன் கீழ இறங்கிடுமா?”

பேச்சு முடிவதற்குள் மேலாளர் டிக்கெட்டோடு ஓடிவந்தார். மாப்பிள்ளை அழைப்பு மாதிரி இரண்டு பக்கமும் பிடித்து அவரை விமானப் படிவரை கொண்டுபோனார்கள். படியில் கால்வைத்தவர் திரும்பினார்.

“பாதியில இறங்கிட்டா?”

“அப்ப நீங்க கணக்குல இல்ல.”

அவர் ஏறினார். உள்ளே போனார். மறுபடி வாசலில் தலை தெரிந்தது. அவளுடைய கட்டைவிரல் அமுக்காமல் அந்தரத்தில் நின்றது. பணிப்பெண் ஏதோ சொல்ல, தலை உள்ளே மறைந்தது. கதவு சாத்தப்பட்டது.

அமுக்கினாள். பத்தாயிரம்.

மேலாளர் கைதட்டிக்கொண்டே இருந்தார். அவள் அதற்குள் நாத்தனாருக்குப் போன் போட்டிருந்தாள்.

“உங்க அண்ணன் பிளேன்ல வர்றாரும்மா. இல்லம்மா, விளையாடல. இறங்கினதும் முதல்ல ஒரு நாற்காலி போட்டு உக்கார வை.”